அறுபத்து மூன்று கிலோவுக்கான பலன்

1977 ஜூன் 6, திங்கள்

இது ஜனவரியில் முதலாளி கொடுத்த நாட்குறிப்பு. அட்டையில் 'அர்த்தநாரி அண்டு கோ, காசு போட்டால் இயங்கும் பொழுதுபோக்கு இயந்திர விநியோகஸ்தர்கள், கோயமுத்தூர்' என்று பொன்னெழுத்து. அத்தனையையும் அடக்கியதில் வருடத்தைப் போட இடம் இல்லாமல் போய்விட்டது. இதுவரை உள்ளே இரண்டு கோலமும் ஒரு மைசூர்பாகு பக்குவமும்தான் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்குத்தான் எழுத விஷயம் கிடைத்தது.

கல்கத்தாவிலிருந்து மூன்று எடை இயந்திரங்கள் கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கின. ஆள் உயரம், சிவப்புப் பெயின்ட், முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் எடை காட்டும் முள்ளும் சுற்றும் வண்ண விளக்குகளும். ஏறி நின்று பத்துப் பைசா போட்டால் எடை அச்சடித்த அட்டை வந்து விழும். அட்டையின் பின்பக்கம் பலன். முதலாளி மூன்றுக்கும் மாலை போட்டார். நடுவில் இருந்த இயந்திரத்தைத் தடவிக்கொண்டே தம் கோழிக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

கோழிக் கதை இதுதான். நாற்பத்தாறில் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, காசு போட்டால் கொக்கரித்துவிட்டுத் தகர முட்டை இடும் கோழி இயந்திரத்தை முதலாளி வாங்கினார். முட்டைக்குள் பெப்பர்மின்ட். மாட்டு வண்டியில் ஏற்றித் தேர்த்திருவிழா எல்லாம் சுற்றினார். பவானியில் ஒரு நாள் கோழிக்கு என்ன ஆனதோ, ஒரே காசுக்கு நாற்பது முட்டை. கூட்டம் கோழியைக் கும்பிட்டதாம். தாம் பெரிய ஆளாகப் போகிறோம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது என்பார். நான் இந்த ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த ஆறு வருடத்தில் இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொன்னால் என் வயது இருபத்தொன்பது என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆபீஸில் நாங்கள் மூன்றே பேர். முதலாளி, நான், மெக்கானிக் திருமூர்த்தி. நான்காவதாக மூலையில் ஒற்றைக்கையன் இருக்கிறான். குன்னூர் கிளப்பிலிருந்து வந்த சூதாட்ட இயந்திரம். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் மூன்று சக்கரம் சுற்றிப் படம் காட்டும். இதை எங்கேயும் வைக்கக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது, தூக்கிப் போட முதலாளிக்கு மனம் வரவில்லை. அதனால் தினமும் நாலு மணிக்கு டீ வாங்கப் போவது யார் என்று அதுதான் தீர்மானிக்கிறது. மணி விழுந்தால் முதலாளி, எலுமிச்சை விழுந்தால் நான், செர்ரிப் பழம் விழுந்தால் மெக்கானிக். ஆறு வருடமாக செர்ரிதான் விழுகிறது. அவர் ராசி அப்படி. எனக்கு இஞ்சி டீ பிடிக்கும் என்பதால் எதிர்ச்சாரியில் இருக்கும் கடையை விட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளிப் போய் வாங்கி வருகிறார். பாவம், வீண் நடை.

ஜூன் 8, புதன்

பலன் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. கல்கத்தாக்காரர்கள் அட்டையைத் தமிழில் நாமே அச்சடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். இயந்திரத்துக்குள் இருபது கிலோவிலிருந்து நூற்று இருபது கிலோ வரைக்கும் கிலோவுக்கு ஒரு குழல். ஆக நூற்றொரு குழல், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டு அட்டை. ஏறினவர் எடைக்கு உரிய குழலிலிருந்து ஓர் அட்டை விழும்.

ஒவ்வொரு குழலுக்கும் பத்துப் பதினைந்து பலன் வேண்டாமா என்று கேட்டேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கிலோவுக்கு ஒன்று போதும் என்றார். பஸ் ஏறப் போகிற சனம் ஒருத்தர் அட்டையை ஒருத்தர் வாங்கிப் பார்க்கவா போகிறது என்பது அவர் வாதம். எனக்கும் கை வலி மிச்சம்.

வெறும் எண்ணைப் பார்த்தால் கற்பனை வராது, ஆட்களை நினைத்துக்கொண்டு எழுதினேன். இருபதிலிருந்து முப்பது வரை பிள்ளைகள், எல்லாரையும் பரீட்சையில் பாஸ் பண்ண வைத்தேன். ஐம்பத்து நாலுக்கு 'தை பிறப்பதற்குள் கழுத்தில் மாலை விழும்'. ஐம்பத்தெட்டுக்கு 'அரசாங்க உத்தியோகம் வீடு தேடி வரும்'. எழுபத்திரண்டில் வந்து நின்றபோது காலையில் பஸ்ஸில் பார்த்த கண்டக்டர் ஞாபகம் வந்தான். காலேஜ் பெண் ஒருத்தியின் பக்கத்திலேயே நின்று பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவன். ஆள் எழுபத்திரண்டுக்குக் குறைய மாட்டான். 'மனதில் நினைத்திருக்கும் பெண்ணிடம் வாய் திறக்க வேண்டாம். அவமானமே மிஞ்சும்' என்று எழுதினதில் ஒரு திருப்தி. எழுபத்தேழுக்கு வரும்போது தலை காய்ந்துவிட்டது, 'இன்று வாகனப் பயணம் ஆகாது' என்று போட்டு ஒப்பேற்றினேன்.

நூற்றுப் பத்துக்கு மேல் முதலாளியே சொல்லி எழுத வைத்தார். ஒரே காசில் இரண்டு பேராக ஏறி நிற்கிறவர்கள் உண்டாம். அதனால் அங்கே எல்லாக் குழலுக்கும் 'ஒருவர் மட்டுமே நிற்க வேண்டும். ஒருவர் இறங்கவும்'. நிஜமாகவே நூற்றுப் பதினைந்து கிலோ இருக்கிறவர் என்ன செய்வார் என்று கேட்டதற்கு, அவருக்குப் பலன் எதற்கு, அவர்தான் சாப்பிட்டுச் சந்தோஷமாக இருக்கிறாரே என்று சொல்லிவிட்டார்.

அறுபத்து மூன்றுக்கு, 'உங்கள் அருகிலேயே ஒருத்தி காத்திருக்கிறாள். தயங்காமல் கேளுங்கள், மறுக்க மாட்டாள்'. இதைச் சும்மாதான் எழுதினேன். கோயமுத்தூரில் அறுபத்து மூன்று கிலோ ஆட்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். போன வருடம் பொள்ளாச்சி இயந்திரத்துக்கு ஸ்பிரிங் மாற்றினபோது மெக்கானிக் ஆபீஸில் வைத்து ஏறிப் பார்த்தார், அன்றைக்கு அவரும் அதே அறுபத்து மூன்று இருந்தார் என்பது இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஜூன் 25, சனி

சிவகாசியிலிருந்து அட்டைகள் கட்டுக் கட்டாக வந்துவிட்டன. காந்திபுரம் பஸ் நிலையத்தில் முதல் இயந்திரம் நின்றது. அட்டையில் எழுத்துப் பிழை இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி நானும் போனேன். புதுப் புடவை கட்டிக்கொண்டு போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பழசு துவைக்கப் போட்டிருந்தது.

அட்டைகளைக் குழல்களில் நிரப்பி, மூடி, பூட்டி, திருமூர்த்தி முதல் ஆளாக ஏறினார். அவர் வழக்கம் அது. தாம் ஏறிப் பார்க்காமல் எந்த இயந்திரத்தையும் சனங்களுக்கு விட மாட்டார். தோளில் அந்த ஸ்பானர், சுத்தி, எண்ணெய்க் குப்பி அடங்கின பை. ஈரோடு பஸ் நிலையத்தில் ஒரு தடவை கீழே வைத்த பையை யாரோ தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவர் அதை எங்கேயும் இறக்கி வைப்பதில்லை, டீக்கடையிலும் மடியில்தான். விளக்குகள் சுற்றின, உள்ளே கடகடவென்று சத்தம், அட்டை விழுந்தது. நான் பக்கத்துப் பழக்கடையில் கொய்யாவுக்கு விலை கேட்கிற மாதிரி நின்றேன்.

அவர் அட்டையைத் திருப்பிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். முகம் இருண்டது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மிஷின் நல்லா இருக்குதுங் அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். படித்துப் பார்த்து முகம் சுளிக்கிற அளவுக்கு அந்த வாக்கியத்தில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை. இலக்கணப் பிழை கூட இல்லை. அழுகையாக வந்தது, கொய்யாவை வாங்கிக் கடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 27, திங்கள்

இன்று எலுமிச்சை விழுந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவை. நானே போய் டீ வாங்கி வந்தேன்.

ஜூலை 5, செவ்வாய்

ஊருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. அதற்குக் காரணம் நான்தான் என்று நினைத்தால் பயமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது.

பஸ் நிலையத்துப் பழக்கடை மாராத்தக்காதான் சொன்னது. நான்கு காலேஜ் மாணவர்கள் ஒரே நாளில் ஏறி அட்டைகளை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே எடை, ஒரே பலன். அடுத்த நாள் ஒரு பெரிய தாளோடு வந்து, வருகிறவர் போகிறவர் அட்டையை எல்லாம் கேட்டு வாங்கிப் பட்டியல் போட்டுவிட்டார்கள். எந்தக் கிலோவுக்கு என்ன பலன் என்று இப்போது காந்திபுரத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப் போய்ப் பார்த்தேன். கிளார்க் பரீட்சை எழுதின ஒருவர் ஐம்பத்து ஐந்து கிலோ. உத்தியோகத்துக்கு மூன்று கிலோ குறைவு. மாராத்தக்கா கடையில் தர்பூசணி ஒன்றைத் தூக்கி எடை பார்த்துவிட்டு அதோடு ஏறினார், அட்டை விழுந்ததும் தர்பூசணியைக் கட்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு கிலோ மகளை அழைத்து வந்த ஓர் அம்மாள் அவள் கையில் பலாப்பழத்தைக் கொடுத்து ஏற்றிவிட்டார். நாற்பத்தெட்டும் ஆறும் ஐம்பத்து நாலு, தைக்குள் மாலை. அந்தப் பெண் வெட்கத்தில் சிரித்துப் பலாப்பழத்தை நழுவவிட, அது உருண்டு சிறுவாணிக் குழாயடி வரைக்கும் போனது. வரிசையில் நின்ற பாதிப் பேர் பின்னாலேயே ஓடினார்கள்.

எடை கூடின ஆட்களுக்குத்தான் சிரமம். வக்கீல் ஒருவர் செருப்பு, கண்ணாடி, பெல்ட் எல்லாம் கழற்றி வைத்துவிட்டு மூச்சை வேறு வெளியே விட்டுக்கொண்டு நின்றார். அரைக் கிலோ குறைந்தால் 'எதிரி மண்ணைக் கவ்வுவான்' என்று வருமாம்.

மாராத்தக்கா இப்போது பழத்தை விற்பதில்லை, வாடகைக்கு விடுகிறது. ஒவ்வொரு பழத்தின் மேலும் சுண்ணாம்பால் கிலோவை எழுதி வைத்திருக்கிறது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் அக்கா திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டது.

"ஏன் அம்மணி, ஊர்ல இருக்கறவியளையெல்லாம் அண்ணா அண்ணாங்கறே. அந்த மெக்கானிக்கை மட்டும் கட்டுனவனக் கூப்படறாப்புல ஏனுங், ஏனுங்கறே?"

இதெல்லாம் ஒரு கேள்வியா. கூப்பிட வசதியாக இருக்கிறது, கூப்பிடுகிறேன்.

ஜூலை 12, செவ்வாய்

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. கோழிக்கு அப்புறம் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லையாம். திருப்பூரிலிருந்தும் உடுமலையிலிருந்தும் எங்களுக்கும் ஒன்று வையுங்கள் என்று கடிதம் வருகிறது. நான் டைப் அடித்து அடித்து விரல் வீங்கிவிட்டது.

திருமூர்த்தி வாரா வாரம் பஸ் நிலைய இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வருகிறார். ஆபீஸில் அதிகம் பேசுவதில்லை. இன்றும் எலுமிச்சை.

ஜூலை 15, வெள்ளி

இது நடக்கும் என்று யார் கண்டது. பழனி வண்டி ஓட்டுகிற டிரைவர் காலையில் இயந்திரத்தில் ஏறியிருக்கிறார். சரியாக எழுபத்தேழு கிலோ. அட்டையைப் படித்துவிட்டு, இன்றைக்கு வாகனப் பயணம் ஆகாது என்று போட்டிருக்கிறது, நான் வண்டியை எடுக்க மாட்டேன் என்று ஸ்டீரிங் பக்கமே போகாமல் உட்கார்ந்துவிட்டார். வண்டி நிறையச் சனம், பாதிப் பேர் மொட்டை போடப் போகிறவர்கள். கடைசியில் மாராத்தக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் கையில் கொடுத்து ஏறச் சொன்னது. எழுபத்தெட்டு. 'தொட்டது துலங்கும்'. வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டே பழனி வரைக்கும் ஓட்டிப் போனாராம்.

ஆனால் நிலைய அதிகாரி முதலாளியைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த மாதத்துக்குள் எல்லாக் குழலிலும் பலன்களைக் கலந்து போட வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போகலாம். புது அட்டை அச்சடித்து ஜூலை முப்பதாம் தேதி மாற்றுவது என்று முடிவு.

என்னுடைய அறுபத்து மூன்றுக்கும் அன்றோடு சரி. இருந்தும்தான் என்ன பலன்.

ஜூலை 18, திங்கள்

கல்கத்தா கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, திருமூர்த்தி பெயருக்கு. நான்தான் பிரித்தேன். ஆபீஸுக்கு வரும் கடிதமெல்லாம் நான்தான் பிரிப்பது. அவருடைய கைவேலையைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தலைமை மெக்கானிக்காக வரச் சொல்கிறார்கள். முப்பதாம் தேதி சாயங்காலத்துக்குள் தந்தி கொடுக்க வேண்டும்.

கடிதத்தை நீட்டினேன். படித்தார். போகிறீர்களா என்று கேட்டேன். இங்கே இருந்து என்ன ஆகப் போகிறது என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் தரையைப் பார்த்தேன். தரையில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா இன்றைக்குப் பார்த்து ஒரு சேதி வைத்திருக்கிறாள். யாரோ ஒறம்பரை, தூரத்துச் சொந்தம், வந்து போனார்களாம். விசாரித்ததில் எங்கள் ஆபீஸின் உடுமலைத் திருமூர்த்தி எனக்கு மாமன் மகன் முறை ஆகிறதாம். முறை ஆகிறவர் கல்கத்தா போகிறார் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குளியலறையில் நன்றாக அழுதேன். இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 22, வெள்ளி

கடவுளே, கடவுளே, கடவுளே.

மெதுவாக எழுதுகிறேன். இன்று திருமூர்த்தி ஒற்றைக்கையனின் பின்பக்கத்தைத் திறக்கக் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து ஐந்து அட்டைகள் சிதறி என் மேஜைக்கு அடியில் வந்து விழுந்தன. வாரா வாரம் ஏறிப் பார்த்து வாங்கின அட்டைகள். பொறுக்கிக் கொடுக்கக் குனிந்தேன்.

ஐந்திலும் எழுபத்திரண்டு.

அறுபத்து மூன்று கிலோ மனிதர் எப்படி எழுபத்திரண்டு ஆவார் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. அவர் குனிந்து அட்டைகளை வாங்கும்போது தோளிலிருந்து பை சரிந்து மேஜைக் காலில் மோதி 'டங்' என்றது.

பை. ஒன்பது கிலோ பை. மனிதர் ஒரு தடவையாவது அதை இறக்கி வைத்துவிட்டு ஏறினாரா. நான்தான் என்ன, அந்தப் பையோடு அவர் ஏறுவதைக் கண்ணால் பார்த்து, இந்த நோட்டில் என் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். ஊரெல்லாம் தர்பூசணியும் பலாப்பழமும் தூக்கிக்கொண்டு எடையை மாற்றுவதைப் பார்த்துச் சிரித்த எனக்கு, இந்த ஒரு ஆளின் கனம் தெரியவில்லை. கண்டக்டருக்கு எழுதின 'வாய் திறக்க வேண்டாம், அவமானமே மிஞ்சும்' என்பதை அவர் நாலு வாரமாக நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

அப்படியென்றால் அவர் மனதில் நினைத்திருப்பது யாரை?

இந்தக் கேள்வியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். கண்ணாடியில் பார்த்தால் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா கதவைத் தட்டி என்னடி என்று கேட்கிறாள்.

ஜூலை 23, சனி

எழுபத்திரண்டு உங்களுக்கு இல்லை, அறுபத்து மூன்றைப் படியுங்கள் என்று ஒரு பெண் போய் எப்படிச் சொல்வது? டைப் அடித்துக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். 'அன்புள்ள ஐயா' என்பதற்கு மேல் இயந்திரம் நகரவில்லை. ஆகவே அவரையே ஏற வைப்பது என்று முடிவு செய்தேன்.

மத்தியானம் பஸ் நிலையத்துக்கு வரச் சொன்னேன். எடை சரியாகக் காட்டவில்லை என்று புகார் வந்திருக்கிறது, பையில்லாமல் ஒரு தடவை ஏறுங்கள் என்றேன். பையை எங்கே வைப்பது என்றார். நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கனம் தாங்க மாட்டீர்கள் என்று பத்து நிமிஷம் வாதாடிவிட்டு, கடைசியில் தந்தார். தோள்பட்டை இறங்கிப் போனது, அதைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றேன். அவர் ஏறினார். விளக்குகள் சுற்றின. கடகட சத்தம். அட்டை வரவில்லை.

அறுபத்து மூன்றாம் குழல் காலி.

ஊரில் உள்ள வாலிபர்கள் அத்தனை பேரும் வாழைத்தாரும் அரிசிப் பையும் தூக்கிக்கொண்டு வந்து கடைசி அட்டை வரைக்கும் வாங்கிப் போயிருக்கிறார்கள். காந்திபுரத்தில் அத்தனை பேருக்கும் அருகில் ஒருத்தி காத்திருக்கிறாளாம். திருமூர்த்தி பையை வாங்கி மாட்டிக்கொண்டு, எடை சரியாகத்தான் இருக்கிறது, காலியான குழலுக்கு அட்டை முப்பதாம் தேதி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாராத்தக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு கொய்யா கொடுத்தது. பரிதாபப்பட்டு.

ஜூலை 27, புதன்

இதற்குள் திருப்பூரிலும் பொள்ளாச்சியிலும் வைத்துவிட்ட மற்ற இரண்டு இயந்திரங்களையும் பார்க்கச் சொல்லி அங்குள்ள ஆட்களிடம் போனில் கேட்டேன். அங்கேயும் அறுபத்து மூன்று காலி. இந்த ஜில்லாவில் இத்தனை பேருக்குக் கல்யாண ஆசை இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஜூலை 29, வெள்ளி

அவர் தந்திக்கு வாசகம் எழுதி வைத்துவிட்டார். என்னிடமே காட்டி ஆங்கிலம் சரியா என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். நாளைக்குக் காலையில் அட்டை மாற்றிவிட்டு அப்படியே தந்தி ஆபீஸுக்குப் போகிறாராம்.

ஜூலை 30, சனி

புது அட்டைக் கட்டுகளை நானே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மூடியைத் திறக்க அவர் சாவியை எடுத்துவிட்டார். நல்ல கூட்டம். பழைய பலன் இன்றோடு முடிகிறது என்று தெரிந்து நீண்ட வரிசை, ஆளுக்கொரு பழம்.

திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஏறிப் பாருங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். உங்கள் வழக்கம்தானே என்றேன். பையோடு ஏறினார். காசைப் போடப் போனார்.

அப்புறம் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் போகிறேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் அவர் பக்கத்தில் ஏறி நின்றேன்.

வரிசையில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. தட்டு சின்னது, தோள் இடிக்காமல் நிற்க முடியாது. அவர் விரலில் காசு அப்படியே நின்றது. "போடுங்" என்றேன். போட்டார். முள் சுற்றிப் போய்க் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது. அட்டை வரவில்லை. நூற்று இருபதுக்கு மேலே போய்விட்டது. எனக்கு ஐம்பத்தொன்று, அவருக்கு அறுபத்து மூன்று, பைக்கு ஒன்பது. கணக்கில் நான் என்றைக்கும் இப்படித்தான்.

"பையை எறக்கி வெய்யுங்" என்றேன்.

"இங்கயா? பஸ் ஸ்டாண்டுலயா?"

"எறக்கி வெய்யுங்கன்னா."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஈரோட்டுக்கு அப்புறம் முதல் தடவையாகத் தோளிலிருந்து பையைக் கழற்றி, தட்டுக்கு வெளியே தரையில் வைத்தார். நிமிர்ந்தபோது ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நின்றார், பழக்கதோஷம். இன்னொரு பத்துப் பைசா போட்டார். விளக்குகள் சுற்றின. அட்டை விழுந்தது. நான் எடுக்கவில்லை, அவர்தான் எடுத்தார். முன்பக்கம் நூற்றுப் பதினாலு. திருப்பினார். உரக்கப் படித்தார்.

"ஒருவர் மட்டுமே நிற்க வேண்டும். ஒருவர் இறங்கவும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டைகளை எடுத்தார். இப்போது ஆறு. "நா எப்பவும் பையோடதான் ஏறுவேன்னு உங்களுக்குத் தெரியுமில்லைங். எழுபத்திரண்டு. எனக்குன்னே எழுதி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சனுங்" என்றார்.

"அது ஒரு கண்டக்டருக்கு எழுதுனதுங். உங்களுக்கு எழுதுனது அறுபத்து மூணு."

அறுபத்து மூன்றில் என்ன இருந்தது என்று காந்திபுரத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். அவருக்கும்தான். அவர் முகத்தில் அது மெல்ல வந்து சேர்வதைப் பார்த்தேன். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. அட்டையை மறுபடியும் பார்த்தார், கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப, யாரு எறங்கறது துளசி?"

ஆறு வருடமாக டைப்பிஸ்ட் அம்மணி. இன்றைக்குத் துளசி.

"நா எறங்க மாட்டனுங்" என்றேன்.

"நானும் எறங்கறதாயில்லை" என்றார்.

பின்னால் நின்ற கிளார்க் பரீட்சைக்காரர், பழம் கனக்கிறது, யாராவது ஒருவர் இறங்குங்கள் என்று கெஞ்சினார். மாராத்தக்கா அவரை ஒரு அதட்டு அதட்டியது. விளக்குகள் நின்றுவிட்டன. நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். தந்தி ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடும் என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை.

ஆகஸ்ட் 1, திங்கள்

நாலு மணிக்கு முதலாளி கைப்பிடியை இழுத்தார். மணி விழுந்தது. ஒன்றல்ல, மூன்று சக்கரத்திலும் மணி. நம்ப முடியாமல் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார், அப்போதும் மணி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இஞ்சி டீ வாங்க இரண்டு தெரு தள்ளிப் போயிருக்கிறார். இந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். திருமூர்த்தி எதிரே உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பை தொலைந்துவிட்டது. சனிக்கிழமை நாங்கள் கீழே இறங்கினபோது அங்கே இல்லை. அவர் இன்னும் அதைத் தேடவே இல்லை.